கன்னம் வெளியிட்ட ரகசியம்

உரிமம் புதுப்பிக்கும் அலுவலகத்தில் வரிசை நகருவதே இல்லை என்று பொதுமக்கள் ஆறு வருடமாகப் புகார் எழுதிவந்தார்கள். ஏழாவது வருடம் மேலிடம் விழித்துக்கொண்டு ஓர் ஆய்வுக்குழுவை அனுப்பியது. குழு ஒரு வாரம் கூர்ந்து கவனித்துவிட்டு, கோளாறு வேலையில் இல்லை, வேலை செய்பவர்களின் முகத்தில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தது. உடனே 'பொதுமக்கள் தொடர்புடைய ஆண் பணியாளர்களின் முகப்பொலிவு மேம்பாட்டுத் திட்டம்' அமலுக்கு வந்தது. ஆளுக்கொரு கறுப்பு டப்பா கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். உள்ளே ஒரு க்ரீமும், சவரம் செய்தபின் தடவ ஒரு லோஷனும்.

மூன்றாம் சன்னல் எழுத்தரை எல்லோரும் 'மூணாம் நம்பர்' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு சுற்றறிக்கையையும் மீறாதவர். முதல் நாள் லோஷன் எரிந்தபோது, கடமை என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று பல்லைக் கடித்துக்கொண்டார். நாலாம் நாள் யாரோ இரண்டு பக்கமும் அறைந்ததுபோலக் கன்னம் சிவந்து, அரிப்பு தாங்கவில்லை. கண்காணிப்பாளரிடம் போனார்.

"சார், இது எனக்கு ஒத்துக்கல. விலக்கு வேணும்."

"தாராளமா. ஆனா எந்தப் பொருள் ஒத்துக்கலைன்னு எழுதிக் கொடுங்க. பொத்தாம்பொதுவா டப்பா ஒத்துக்கலைன்னா கோப்புல நிக்காது."

மூணாம் நம்பரின் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. சாயங்காலம் இருவரும் லென்ஸோடு உட்கார்ந்தார்கள். லோஷன் பாட்டிலின் பின்பக்கம் எறும்பு கையெழுத்துப் போட்டதுபோல இருந்தது.

"முதல்ல அக்வான்னு இருக்கே. அதுவா இருக்குமோ?"

"அது தண்ணி. எது அதிகமோ அதை முதல்ல போடுவாங்க."

"தண்ணிக்கா இவ்வளவு கறுப்பு டப்பா? சரி, க்ளிசரின்?"

"ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், நல்லதுதான். அடுத்து ஆல்கஹால். மழிச்ச தோல்ல எரியுறது அதாலதான். மெந்தால் சில்லுனு இருக்கும், அவ்வளவுதான், எதையும் ஆத்தாது. கடைசியில பர்ஃப்யூம்னு ஒரே வார்த்தை இருக்கு பாருங்க. அது ஒரு சாமான் இல்ல, வாசனைக்குப் போடுற பல சாமான். எனக்கு அது மேலதான் சந்தேகம்."

கையோடு தன் க்ரீமையும் எடுத்துவந்து அவர் க்ரீமின் பக்கத்தில் வைத்தாள். ஒரே பட்டியல், ஒரே வரிசை.

"அப்போ இதுல ஆம்பளைக்குன்னு என்னதான் இருக்கு?"

"டப்பா."

ஆல்கஹாலும் மெந்தாலும் இருந்து, வாசனை மட்டும் சேர்க்காத ஒரு லோஷனைக் கடையிலிருந்து கொண்டுவந்தாள். ஒரு முழங்கை மடிப்பில் அதையும், மறு மடிப்பில் அலுவலக லோஷனையும் கொஞ்சமாகத் தடவி இரண்டு நாள் பார்த்தார்கள். அலுவலகப் பக்கம் மட்டும் தடித்துச் சிவந்தது. வாசனைதான் ஒத்துக்கவில்லை என்று மறுநாளே விண்ணப்பம் போனது.

கண்காணிப்பாளர் கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். வாசனையில் என்னென்ன இருக்கிறது என்பது தொழில் ரகசியம் என்று பதில் வந்தது. உடனே மூணாம் நம்பரைக் கூப்பிட்டார்.

"அப்போ உங்களுக்கு ஒத்துக்காதது ஒரு ரகசியம்."

"ஆமா சார்."

"அந்த ரகசியம் இப்போ ஊரறியத் தெரியுது. அதை வெளியிட்டது எது?"

"கன்னம், சார்."

"கன்னம் யாரோடது?"

ரகசியக் காப்பு விதியை மீறியதற்கு ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. விசாரணை முடியும்வரை சாட்சியம் கலைந்துவிடாமலிருக்க, தினமும் லோஷன் தடவிக்கொண்டுதான் வர வேண்டும் என்றும் அதில் இருந்தது.

அவர் வேலை ஊசலாடிக்கொண்டிருந்த அந்த வாரம்தான் இயக்குநர் பார்வையிட வந்தார். புகார்ப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். மற்ற எல்லாச் சன்னல் மீதும் புகார் இருந்தது, மூன்றாம் சன்னல் மீது மட்டும் ஒன்றுகூட இல்லை. அந்தச் சன்னல் வரிசையில் நின்ற ஒரு தச்சரைக் கூப்பிட்டுக் காரணம் கேட்டார்.

"மத்தவங்க கல்லு மாதிரி உட்கார்ந்திருக்காங்க, ஐயா. இவர் ஒருத்தர்தான் எங்களைக் காக்க வெச்சதுக்குக் கன்னம் செவந்து வெட்கப்படுறார். அந்த முகத்தைப் பார்த்தா கோபமே வரல. எவ்வளவு நேரமானாலும் இவர்கிட்டயே நிக்கலாம்னு தோணுது."

நடவடிக்கை ரத்தானது. வாசனையை இரட்டிப்பாக்கி எல்லாச் சன்னலுக்கும் லோஷன் வழங்க உத்தரவானது. ஒரே மாதத்தில் அலுவலகமே சிவந்தது, புகார்கள் நின்றன. சொறிவதற்கு ஒரு கை போய்விட்டதால் வரிசை மட்டும் வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. மக்கள் மனம் இளகி நின்றார்கள்.

மூணாம் நம்பரால் மட்டும் பொறுக்க முடியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் உத்தரவை மீறி, ஒருவருக்கும் சொல்லாமல் லோஷனை நிறுத்தினார். இரண்டு வாரத்தில் கன்னம் பழைய நிறத்துக்கு வந்தது. இரண்டு கையும் வேலைக்குக் கிடைத்ததில், ஒரு திங்கட்கிழமை மதியத்துக்குள் நாற்பது உரிமங்களைப் புதுப்பித்துவிட்டார். அவருக்கே நம்ப முடியவில்லை. மனசு லேசாக இருந்தது.

நாற்பதாவது ஆளுக்குப் பத்தே நிமிடத்தில் வேலை முடிந்திருந்தது. உரிமத்தைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு, சன்னலுக்குள் குனிந்து அவர் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி எழுதினார்: 'மூன்றாம் சன்னலில் இருப்பவருக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை.'

அதன் கீழே கையெழுத்துப் போட, மற்ற வரிசைகளில் காலையிலிருந்து நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து, அங்கே புதிதாக ஒரு வரிசையில் நின்றார்கள்.