பெர்னாண்டோ டொக்டருக்கு ஒரு அட்டை

இரண்டு நன்றி அட்டைகள் பாழாகிவிட்டன. கிளினிக் ஐந்து மணிக்கு. இப்போதே மூன்றரை.

வெள்ளவத்தை தியாகராசாவின் நெஞ்சைத் திறந்து, பழுது பார்த்து, பத்திரமாக மூடித் தந்தவர் டொக்டர் பெர்னாண்டோ. நாளைக்குக் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்கு, ஒரேயடியாகப் போகிறார். இன்று நன்றி சொல்லாவிட்டால் பிறகு இல்லை.

"தமிழில எழுதுங்கோவன்" என்றாள் மனைவி சிவக்கொழுந்து.

"பெர்னாண்டோ எண்டாச் சிங்கள ஆள், அவருக்கு என்னப்பா தமிழ்? ஆறு மாசமா நாங்கள் இங்கிலீஷிலதான் கதைக்கிறம்."

போன மாதம் டொக்டர், "யூ ஆர் அவுட் ஒஃப் த வூட்ஸ்" என்றார். காடு தாண்டியாச்சு, இனிப் பயமில்லை. அன்று வீட்டுக்கு வந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர் தியாகராசா. அவ்வளவு அழகாக இங்கிலீஷ் பேசுகிறவருக்குப் பிழையாக எழுதிக் கொடுக்கலாமா?

மறுவாழ்வு தந்தீர்கள் என்பதற்கு முதல் அட்டையில் ‘நியூ லீஸ் ஒஃப் லைஃப்’ என்று எழுதினார். அதைப் படம் பிடித்துக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டதுதான் வினை.

"அப்பா, ‘ஒஃப்’ இல்லை, ‘ஒன்’" என்றாள் டொரொண்டோ மகள் தனுஷியா.

இரண்டாவது அட்டையில் ‘ஒன்’ போட்டார். லண்டன் மைத்துனன் சாரங்கன் கொதித்தான்.

"அத்தான், அது அமெரிக்கன்! நாங்கள் படிச்சது ‘ஒஃப்’."

"அப்ப நான் பிழையோ மாமா?" என்று கேட்டுவிட்டுத் தனுஷியா குரூப்பை விட்டே போய்விட்டாள்.

மேல்மாடி சுந்தரலிங்கம் ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார். சமாதானம் செய்ய இறங்கி வந்தார்.

"ரெண்டையும் விடும். என்ர நன்றி கடலில ஒரு துளி எண்டு எழுதும்."

மூன்றாவது அட்டையில் அதை இங்கிலீஷில் எழுதி, கோபித்த மகளுக்குத் தனியாகப் படம் அனுப்ப, சிவக்கொழுந்தின் போன் அடித்தது. தனுஷியா.

"அம்மா, அப்பாட்டச் சொல்லுங்கோ. கடலில்லை, வாளி! வாளியில ஒரு துளி!"

கடலை வெட்டி வாளி ஆக்கி, வாளியை வெட்டிக் கடலாக்கி, அந்த அட்டையும் போயிற்று. நான்காவதில் கையெழுத்தை மட்டும் போட்டு, சிவக்கொழுந்து சுட்ட பருத்தித்துறை வடையோடு புறப்பட்டார்.

டொக்டர் எழுந்து கை கொடுத்தார். தியாகராசா வாயைத் திறந்தார். ‘ஒஃப்’பும் வரவில்லை, ‘ஒன்’னும் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது.

"நீர் நல்லா இருக்கோணும் தம்பி. நான் உயிரோட நிக்கிறது உம்மால."

சொன்ன பிறகுதான் தமிழில் சொன்னது உறைத்தது. அட்டையையும் வடையையும் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஆறு மாதமாக நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட்ட நிம்மதியும் இருந்தது.

தாதி ஜவாஹிறா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்க! டொக்டர் உள்ளுக்கு அழுதழுது வடை தின்றார்."

"அவருக்கு நான் சொன்னது விளங்கினதோ?"

"விளங்காமலா? அவர் கொட்டாஞ்சேனைத் தமிழாள்! முதல் நாளே நீங்க இங்கிலீஷ்ல தொடங்கினதால, தமிழ்ல பேசினாக் கோவிப்பீங்க எண்டு பயம். போன மாசம் ‘வூட்’டா ‘வூட்ஸ்’ஸா எண்டு எங்க எல்லாரிட்டயும் கேட்டுட்டுத்தான் உங்கள உள்ளுக்கே கூப்பிட்டார்!"