ஒரு திருத்தம்

"ஆழ்ந்த இரங்கல்" என்று முடித்து வானொலி வாசிப்பாளர் மைக்கை அணைத்ததும் தொலைபேசி சிணுங்கியது.

"ஆழ்ந்தன்னு சொல்லணும்மா. நீ ஆள்ந்தன்னு வாசிக்கற."

ழகர வாத்தியார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து தினமும் அழைத்து அவள் நாக்கைத் திருத்துகிறவர். வழக்கம்போல சரி சார் என்றாள்.

"இன்னொரு திருத்தம். நான் சாகல."

அவளுக்கு வியர்த்துவிட்டது. சற்றுமுன் வாசித்த மரணச் செய்தி அவருடையதுதான். ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கீழே கண்ணீர் விடும் பொம்மைகள் வரிசைகட்டி நின்றன. ஓர் அறை, ஒரு மைக், ஓர் ஆள் என்று ஓடும் அந்தச் சின்ன வானொலியில், விசாரிக்காமல் எதையும் வாசிப்பதில்லை என்பதுதான் அவளுடைய ஒரே பெருமை. குழுவில் வந்ததை அவசரமாக வாசிக்கப்போய் அதுவும் கைநழுவியது.

பாட்டைப் பாதியில் நிறுத்தி மன்னிப்புக் கேட்டாள். வாத்தியார் நலமாக இருக்கிறார் என்று சொல்லி வாய் மூடவில்லை, மறுபடி அவரே. வீட்டில் இன்னும் அழுகிறார்கள், தன் பேச்சை யாரும் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை என்று குறைப்பட்டார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று தேற்றினாள்.

அடுத்த திருத்தத்தில், வதந்தி பரப்பியதற்காகக் குழுவை ஒரு பிடி பிடித்தாள். அதற்கும் அழைத்தார். அழுகை நிற்கவில்லையாம். ஆனால் வாசிப்பு பரவாயில்லையாம்.

அத்தனை பேர் அழும் வீட்டிலிருந்து பேசுகிறவரின் குரலுக்குப் பின்னால் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நீங்களே பேசிடுங்க சார்" என்று அவர் குரலை ஒலிபரப்பில் இணைத்தாள்.

மனைவியை அழவேண்டாம் என்றார். மகனிடம், என் மூக்குக்கண்ணாடியை ஏன் கழற்றினாய், ஒன்றும் தெரியவில்லை என்றார். எல்லோரும் வாழ்க என்று, ழகரம் சுத்தமாக, முடித்துப் போனை வைத்துவிட்டார்.

அவள் மூச்சுவிடுவதற்குள் கதவு தட்டப்பட்டது. வாத்தியாரின் மகன். கண்கள் சிவந்திருந்தன. சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து எழுந்து நின்றாள். வீட்டில் எல்லோரும் கேட்டீர்களா என்று தயங்கியபடி விசாரித்தாள்.

அவன் புரியாமல் பார்த்தான்.

"அப்பாவை நாலு மணிக்கு எடுக்கறோம், அதை வாசிக்கச் சொல்லலாம்னு வந்தேன். ஆனா காலையிலேர்ந்து ஊர்ல யாருக்குமே உங்க ரேடியோ கேக்கலையே, அக்கா."