டீச்சரைப் பேசவைத்த பாட்டு

பூட்டுக்காரர் பாட்டின் மூன்றாவது வரியைத் தொட்டபோதுதான், மூலையில் சக்கர நாற்காலியில் இருந்த டீச்சர் வாயைத் திறந்தார்.

"நிறுத்துய்யா! சுருதி எங்கயோ போகுது, நீ எங்கயோ போற!"

முதியோர் இல்லத்து மேனேஜரம்மாவின் கையிலிருந்த தட்டு நழுவி, மாத்திரைகள் நாலா பக்கமும் ஓடின.

பூட்டுக்காரருக்கு முகம் செத்துவிட்டது. ஸ்டோர் ரூம் பூட்டைச் சரிசெய்ய வந்தவர் அவர். வேலை முடிந்ததும், "பெரியவங்களுக்கு ஒரு பாட்டு பாடட்டுமா? காசெல்லாம் வேண்டாம்" என்று தானாகத்தான் கேட்டார். வீட்டில் அவர் பாட ஆரம்பித்தால் மனைவி மிக்சியை ஓடவிட்டுவிடுவாள். இங்கே மிக்சி தொல்லை இல்லை.

"மன்னிச்சுக்கங்கம்மா, தொண்டை கொஞ்சம்..."

"நீங்க எதுக்கு மன்னிப்பு கேக்கறீங்க!" மேனேஜரம்மா மாத்திரைகளைக்கூடப் பொறுக்காமல் ஓடி வந்தார். "அவங்க பாட்டு டீச்சரா இருந்தவங்க. ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை பேசினதில்ல. டாக்டருங்களே கையை விரிச்சுட்டாங்க. நீங்க பேச வச்சுட்டீங்களே!"

டீச்சர் அதற்குள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். அப்புறம் யார் என்ன கேட்டும் பதில் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சரின் மகனும் மருமகளும் ஒரு டாக்டரோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். பூட்டுக்காரர் அந்த வாரம் முழுக்கக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாதகம் செய்திருந்தார். திட்டு வாங்கிய அந்த மூன்றாவது வரியில் மறுபடி சறுக்கக் கூடாதே! பாடினார். சறுக்கவில்லை.

டீச்சர் பேசவும் இல்லை.

"அம்மா, ஒரே ஒரு வார்த்தைம்மா" என்று மகன் கெஞ்சினான். டீச்சர் ஜன்னலைப் பார்த்தார்.

மேனேஜரம்மா பூட்டுக்காரரை ஓரமாக இழுத்துப் போனார். "என்னங்க இப்படிக் காலை வாரிட்டீங்க? போன வாரம் மாதிரியே பாடுங்க."

"போன வாரத்தைவிட நல்லாப் பாடினேனேம்மா?"

"அதுதாங்க பிரச்சினையே! அன்னைக்கு வந்துச்சே, அந்த அபஸ்வரம், அதுதான் வேணும்."

பூட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. "அது எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியாதே" என்று முனகினார். ஆனால் முன்வரிசையில் மகன் கைகளைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். மனிதர் தன்மானத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, குரலை எட்டாத உயரத்துக்குத் தூக்கினார்.

ஒரு பெரியவர் காது மெஷினைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இன்னொருவர், "நர்ஸம்மா, என்னை பாத்ரூமுக்குத் தள்ளிட்டுப் போ" என்றார்.

"இப்பத்தானே தாத்தா போய்ட்டு வந்தீங்க?"

"மறுபடியும் போறேன். தள்ளும்மா!"

டீச்சர் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. பாட்டு அவர் மனசைத் தொட்டுவிட்டதென்று பூட்டுக்காரர் உருகிப்போய், இன்னும் ஒரு கட்டை மேலே ஏறினார்.

"போதும்டா!" டீச்சர் வெடித்தார். "அந்தப் பாட்டு உனக்கு என்னடா பாவம் பண்ணிச்சு? இறங்கு கீழ! இன்னும் கீழ! வாயைத் திறந்து பாடு, பல்லுக்குள்ள போட்டு மெல்லாத!"

சொல்லி முடித்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

மகன் அம்மாவின் மடியில் விழுந்து விம்மினான். "ஆத்திர அவசரத்துக்குக் குரல் கொடுக்கக்கூட முடியாம நாங்க வேலைக்குப் போனப்புறம் வீட்டுல நீ எப்படித் தனியா இருப்பேன்னுதானேம்மா உன்னை இங்க சேர்த்தேன்? இனிமே என்ன? கிளம்பு, வீட்டுக்குப் போகலாம்."

"வேண்டாம்டா... நான் இங்கயே இருக்கேனே..."

"நமக்குப் பாரமா இருக்கக் கூடாதுன்னு பாக்கறாங்க" என்று மருமகள் மூக்கை உறிஞ்சினாள். பூட்டுக்காரரைப் பார்த்துக் கைகூப்பினாள். "நீங்க நல்லா இருக்கணும்ண்ணே."

கார் கிளம்பியது. பின்கண்ணாடி வழியே டீச்சர் பூட்டுக்காரரையே வெறித்துப் பார்த்துக்கொண்டு போனார். இவர் கார் மறையும்வரை கையசைத்தார். எத்தனையோ பூட்டைத் திறந்திருக்கிறார். ஒரு வாய்ப்பூட்டைத் திறந்து ஒரு குடும்பத்தையே சேர்த்துவைத்தது இதுதான் முதல் தடவை.

திரும்பினால், டீச்சரின் பக்கத்துக் கட்டில் அம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"ஏம்மா அழறீங்க? பேச்சு வந்து, நல்லபடியா வீட்டுக்குத்தானே போறாங்க?"

"பேச்சு எங்கய்யா போச்சு அவளுக்கு? விளக்கை அணைச்சா விடிய விடிய என்கிட்ட பேசுவா. 'எனக்குப் பாட்டு சொல்லிக்கொடுங்கத்தை'ன்னு அந்த மருமக வந்து உக்காந்து பாடிக் காட்டின அன்னைக்குப் போட்டதுய்யா இந்த ஊமை வேஷம்!"