மீசைக்காரரின் கர்ப்பம்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அன்று ரத்தம் கொடுக்க வந்தவர்களைவிட அருள் வாங்க வந்தவர்களே அதிகம். கணினிக்குள் புகுந்த ஆவியை விரட்டத் திரைச்சாமி எழுந்தருளியிருந்தார்.

ஆவியின் சேட்டை கொஞ்சநஞ்சமல்ல. அடர்ந்த மீசை வைத்த பேருந்து நடத்துனருக்குக் கர்ப்பம் என்று அறிக்கை வந்துவிட்டது. அவருடைய அலுவலகமும் யோசிக்காமல் பிரசவ விடுப்பு கொடுத்துவிட்டது. அவருடைய சர்க்கரையோ உண்மையான கர்ப்பிணி ஒருத்தியின் தாளில் ஏறிக்கொண்டது. பாவம், அவள் சர்க்கரைக்குப் பயந்து அரை வயிற்றோடு கிடந்தாள்.

"இந்தக் கோளாறைச் சரிபண்ணி புது மென்பொருள் எப்பவோ வந்தாச்சு அத்தான். அதைப் போட்டாலே போதும்," என்றாள் முதலாளியின் கொழுந்தியாள். கணினியைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான்.

"சும்மா இரு! புதுசுங்கிறது கம்பி வழியா வர்ற ஆவி. சாமி கட்டித்தான் இறக்கணும்," என்றார் முதலாளி. அவருடைய பட்டம் சுவரில் தொங்கியது. அறிவையும் அதே ஆணியில் மாட்டியிருந்தார்.

சாமி விசைப்பலகைமேல் பட்டுத்துணியை விரித்தார். கைகளைத் துணிக்கு அடியில் விட்டார். கண்ணை மூடி முணுமுணுத்தார். கறுப்புத் திரையில் எழுத்துகள் பொலபொலவென்று கொட்டின.

"ஆவி ஓடுது பார்!"

கூட்டம் கைகூப்பியது. சாமி சுழல் நாற்காலியைக் காட்டினார். "இதுலயும் ஒண்ணு ஒட்டியிருக்கு. நானே எடுத்துட்டுப் போறேன்." போன முறை ஒட்டியிருந்தது குளிர்சாதனப் பெட்டியில். ஆவிக்கும் பழைய சாமான் பிடிக்காதுபோலும்.

கூட்டத்தில் நின்ற மீசை நடத்துனர் முன்னால் வந்தார். "சாமி, வேலை செய்யறது மந்திரம்தானே?"

"அதுல என்ன சந்தேகம்?"

"அப்ப இது எதுக்கு?" என்று விசைப்பலகையின் கம்பியை உருவினார். "இப்பச் சொல்லுங்க."

சாமி சொன்னார். உரக்கச் சொன்னார். வியர்க்க விறுவிறுக்கச் சொன்னார். திரையில் ஒரு புள்ளிகூட அசையவில்லை.

கொழுந்தியாள் திரையில் நின்ற கடைசி வரியைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "அத்தான், புதுசா என்னென்ன வந்திருக்குங்கிற பட்டியலை மட்டும்தான் இவர் வரவழைச்சிருக்காரு. ஒண்ணைக்கூடப் போடல!"

சாப்பாட்டுப் பட்டியலைப் படித்துவிட்டு ஏப்பம் விட்ட கதைதான். கோளாறு தீர்ந்துவிட்டால் சாமியை யார் கூப்பிடுவார்?

அவள் பதிவுகளுக்கெல்லாம் முதலில் நகல் எடுத்துவைத்தாள். கம்பியைச் செருகினாள்.

"நீங்க அடிங்கம்மா, மந்திரத்தை நான் பாத்துக்கறேன்," என்ற நடத்துனர் கண்ணை மூடிக் குரலெடுத்தார். "ஆஸ்பத்திரி, மார்க்கெட், ஸ்கூல் வாசல்... படியில நிக்காதே, உள்ள போ, உள்ள போ!"

எழுத்துகள் அருவியாய்க் கொட்டின. புது மென்பொருள் ஏறியது. அறிக்கைகள் மறுபடி அச்சாயின. கர்ப்பம் கர்ப்பிணிக்கே போனது. "வயிறாரச் சாப்பிடும்மா," என்று கொழுந்தியாள் அவளுக்குத் தொலைபேசியில் சொன்னாள். தனக்குச் சர்க்கரை என்று கேட்டுத் துள்ளிக் குதித்த முதல் மனிதர் நம் நடத்துனர்தான்.

சாமி துணியைக்கூட எடுக்காமல் நழுவினார்.

கூட்டம் திருந்தியதா? கூட்டத்திலிருந்து ஒருவர் பயபக்தியோடு நடத்துனரை நெருங்கினார். "அந்த உள்ள போ மந்திரத்தை எனக்கும் உபதேசம் பண்ணுங்க சாமி."

நடத்துனர் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயா, கம்ப்யூட்டருக்குப் புதுசு கம்பி வழியா வந்துடும். உங்க மூளைக்கு நீங்கதான்யா போட்டுக்கணும்!"