வேகமான மெமரியும் தொங்கிய தாலியும்

திண்டுக்கல்,
ஞாயிறு.

மதிப்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை விக்னேஷ்குமார் அவர்களுக்கு, மாமனார் பேச்சிமுத்து எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கு நீங்களும் ஜீவிதாவும் சுகமாயிருக்க அபிராமி அம்மன் துணையிருக்கட்டும். போனில் நீங்கள் குறுக்கே பேசி ஜெயித்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

மாப்பிள்ளை, லேப்டாப் விஷயத்தில் நான் ஜெயித்துவிட்டேன். போன தடவை என் ஸ்டுடியோவில் உட்கார்ந்து, "மாமா, அளவு இதே போதும், வேகமான மெமரியா மாத்துங்க, கல்யாண வீடியோ பறக்கும்" என்றீர்கள். இங்கேயோ தொப்பம்பட்டிக் கல்யாண வீடியோவை எடிட் பண்ணும்போது, மணமகன் தாலியை எடுத்ததும் லேப்டாப் நின்றுவிடும். தாலி கழுத்துக்குப் போகாமல் அந்தரத்தில் தொங்கும். பெண்ணின் அப்பா முத்துக்கிருஷ்ணன் நேரில் வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, முகூர்த்தம் முடிஞ்சிருமுங்க, கட்டச் சொல்லுங்க!" என்றார். பொண்ணு மாப்பிள்ளை துபாய் கிளம்புவதற்குள் வீடியோ வராவிட்டால் அவருடைய சின்ன மகள் கல்யாணத்துக்கு வேறு வீடியோக்காரராம்.

உடனே சௌகத் அலியின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். முத்துக்கிருஷ்ணனும் விடாமல் கூடவே வந்தார். நான் ஏமாந்துவிடுவேன் என்று உங்கள் அத்தையும் வந்தாள். சோதிக்காமல் வாங்கமாட்டேன் என்று அடம்பிடித்தேன். வீடியோவைக் கடை லேப்டாப்பில் ஏற்றி, முதலில் சாதா மெமரி, அப்புறம் நீங்கள் சொன்ன வேகமான மெமரி. இரண்டிலும் தாலி அதே இடத்தில் தொங்கியது. அத்தை எட்டிப் பார்த்து, "ஒட்டன்சத்திரம் சந்தைக்கு லாரி எம்புட்டு வேகமா வந்தா என்ன? தக்காளி எறக்க எடமில்லேன்னா ரோட்டுலதான நிக்கணும்?" என்றாள். "அப்ப எடத்தக் கூட்டுவோம், சாதாவுலயே இன்னொண்ணு சொருகுங்க பாய்!" என்றேன். அம்புட்டுத்தான் மாப்ள! தாலி ஏறிருச்சு! மூணு முடிச்சும் விழுந்து, அட்சதை பறந்து, பந்தியில வெஞ்சனம் வைக்கிற வரைக்கும் ஒரு தடங்கல் இல்ல. கடையே கைதட்டுச்சு. முத்துக்கிருஷ்ணன் கல்யாணத்தன்னிக்குக் கலங்குனது போக ரெண்டாந்தரம் கண்ணு கலங்குனாரு. வீடியோவ அங்கேயே முடிச்சுக் குடுத்தாச்சு, சின்ன மக கல்யாணமும் நமக்குத்தான்!

உங்கள் யோசனை தப்பு என்று நான் வெளியே யாரிடமும் சொல்லவில்லை. டீக்கடையில் மட்டும் சொன்னேன். நம்ம லேப்டாப்பிலும் இன்னொரு சாதா மெமரி போடச் சொல்லி சௌகத் அலியிடம் விட்டுவந்திருக்கிறேன்.

ஜீவிதாவுக்கு இதை வாய்விட்டுப் படித்துக் காட்டவும். தோற்றாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதான், இருவரும் ஒரு குறையுமில்லாமல் வாழ ஆசீர்வதிக்கும்,

பேச்சிமுத்து

பி.கு.: சௌகத் அலி இப்போதுதான் கூப்பிட்டார். நம்ம லேப்டாப்பைக் கழற்றிப் பார்த்தாராம். மெமரியைப் போர்டோடு சேர்த்தே பற்றவைத்திருக்கிறார்களாம். வேகமானதும் போட முடியாது, கூடுதலாகவும் சொருக முடியாது, புது லேப்டாப்தான் வழியாம். எதை வாங்கலாம் என்று அடுத்த ஞாயிறு வந்து சொல்லிவிட்டுப் போங்கள் மாப்பிள்ளை. நாட்டுக்கோழிக்குச் சொல்லிவைத்துவிட்டேன்.