மர ஊமத்தைக்கு விபூதிப் பட்டை

வில்பட்டி,
ஏப்ரல் 20

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை முருகவேல் அவர்களுக்கு,

திருமலைச்சாமி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தை முருகேஸ்வரியும் குளிரோடும் பூண்டு வாசனையோடும் நலம். கோவை வெயிலில் நீங்களும் சௌம்யாவும் பேரன் முகேஷும் வாடாமல் இருக்கப் பழனியாண்டவரை வேண்டுகிறேன்.

போனில் பேசலாம்தான். ஆனால் என் மகள் எடுத்ததும், "மரத்தை வெட்டியாச்சாப்பா?" என்கிறாள். இல்லை என்றதும் போனை வைத்துவிடுகிறாள். வாசலில் நிற்கும் மர ஊமத்தை வேர் முதல் விதை வரை விஷமாம். கண்டதை வாயில் போடும் ரெண்டு வயசுப் பிள்ளையை இங்கே கூட்டி வரமாட்டாளாம். நியாயம்தான். ஆனால் இருநூறு பூ மணிமணியாகத் தலைகீழாகத் தொங்கும்போது எப்படி மாப்பிள்ளை அரிவாளை எடுப்பது?

அதனால் பலத்த பந்தோபஸ்து செய்துவிட்டேன். கீழ்க்கிளைகளைக் கழித்து, சுற்றிலும் கம்பிவலை அடித்து, கதவு வைத்துப் பூட்டினேன். உதிர்ந்த பூவை அன்றன்றே குழிதோண்டிப் புதைக்கிறேன். கையுறை இல்லாமல் தொடுவதில்லை. இதெல்லாம் போதாதென்று மண்டையோடு வரைந்து 'விஷ மரம்' என்று பலகை மாட்டினேன் பாருங்க, அங்கதான் வந்தது வினை. பிரதோஷத்தன்னிக்கு வெள்ளனே எந்திரிச்சுப் பாத்தா, பக்கத்து வீட்டு ராக்காயி வலைக்கு மேல தொரட்டியை நீட்டிக்கிட்டு நிக்குது. "ஏத்தா, பலகையைப் படிக்கலையா?"ன்னேன். "படிச்சுத்தாண்ணே வந்தேன். வெசத்தையே குடிச்ச சாமிக்கு இதைவிடத் தோதான பூ ஏதுண்ணே?"ங்குது! அடுத்த பிரதோஷத்துக்குத் தெருவே கூடிருச்சு. வலையில மஞ்சத்துணி கட்டி, மண்டையோட்டுக்கு விபூதிப் பட்டையும் போட்டுட்டாங்க. ஆனா நல்லதாப் போச்சு மாப்பிள்ளை! சாமி மரம்னு ஆனதும் ஒருத்தர் கைவைக்கிறதில்லை, ஆடுமாட்டைக்கூட அண்ட விடுறதில்லை. இதைவிடப் பாதுகாப்பு எந்த ஊர்ல இருக்கு?

ஆகவே சௌம்யாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி, மே மாதம் முழுக்கப் பேரனை இங்கே விடவேண்டும். அவன் 'தாத்தா' என்று சொல்லத் தொடங்கியதைப் போனில் கேட்டதோடு சரி; நேரில் கேட்க ஆசையாய் இருக்கிறது.

மகளுக்கும் பேரனுக்கும் என் ஆசிகள். தங்கள் பெற்றோருக்குக் கைகூப்பிய வணக்கம்.

இப்படிக்கு,
திருமலைச்சாமி

பி.கு.: மாப்பிள்ளை, இது அத்தை எழுதுறேன். கடுதாசியை முடிச்சுட்டு இன்னொரு கிளை கழிக்கப் போனாரு. கிளவுசு போட்டுத்தான் கழிச்சாரு. அந்தக் கிளவுசோடயே கண்ணைக் கசக்கிட்டாரு. ஒரு கண்ணுல பாப்பா அகலமா விரிஞ்சு, எழுத்தே தெரியலைங்கிறாரு. நாலஞ்சு நாள்ல சரியாயிரும்னு டாக்டரு சொல்லிட்டாரு, பயப்படாதீங்க. வீட்டுக்கு வந்ததும் அவரே சொல்லிட்டாரு, "வெட்டிரு முருகேஸ்வரி, பேரனைப் பாக்க எனக்கு ரெண்டு கண்ணும் வேணும்"னு. ஆனா சாமி மரத்துல அரிவா போட மாட்டோம்னு ஊரே ஒதுங்குது. நீங்க வெரசா வந்து வெட்டிக் குடுங்க. பிள்ளையை மறுவாரம் கூட்டியாந்தாப் போதும், அதுக்குள்ள தாத்தாவுக்கும் கண்ணு தெளிஞ்சிரும்.