படத்தில் முன்னால் ஓடுகிறவன்

மண்டி மொஹல்லா, மைசூர்
மே 1996

கோபிநத்தத்தில் இருக்கும் மதிப்பிற்குரிய மாமா லிங்கப்பன் அவர்களுக்கு, மருமகன் சென்னப்பன் பணிவோடு எழுதிக்கொண்டது. நான் சுகம். அங்கே நீங்கள், அத்தை, மாதேவி, குழந்தை எல்லோரும் சுகந்தானே?

தங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் முஸ்லிம் தெருவில் கலவரம் என்று பேப்பரில் படம் வந்திருப்பதாகவும், தடியோடு முன்னால் ஓடுகிற தாடிக்காரனுக்குக் கொலைகார மூஞ்சி என்றும், அவன் நடமாடும் ஊருக்கு மகளை அனுப்ப முடியாது என்றும் எழுதியிருந்தீர்கள். மாமா, அது நான்தான்.

வீட்டுக்காரர் அன்வர் பாஷா பக்ரீத்துக்கு ஆடு வாங்கிக் கட்டியிருந்தார். நான் குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வந்தேன். தாடி, மாதேஸ்வரன் மலையில் குழந்தைக்கு மொட்டை போடும்போது எடுப்பதாக வேண்டிக்கொண்டு வளர்த்தது. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரம்மா, “சென்னப்பா, ஆடு கயித்த அறுத்துக்கிச்சு, பேகா, சீக்கிரம் ஓடுப்பா!” என்று கத்தினார். நான் துணி காயப்போடும் கொடிக்கம்பை எடுத்துக்கொண்டு ஓட, பின்னால் பாஷா, அவர் தம்பிகள், தொழுகை முடிந்து வந்தவர்கள் என்று எல்லோரும் ஓடிவர, எதிரே ஒருவர் போட்டோ எடுத்தார். ஆட்டைத்தான் எடுக்கிறார் என்று நினைத்தோம். காய்கறிக் கடையில் ஆட்டைப் பிடித்தோம். ஒரு கட்டுக் கொத்தமல்லி தவிர வேறு சேதமில்லை.

மறுநாள் பேப்பரில் ‘மண்டி மொஹல்லாவில் பதற்றம்’ என்று வந்தது. அதைப் படித்துவிட்டுப் போலீஸ் வந்தது. போலீஸைப் பார்த்துக் கடைகளை மூடினார்கள். மூடிய கடைகளையும் படம் பிடித்துப் போட்டார்கள்.

பாஷாவும் நானும் பேப்பர் ஆபீசுக்கே போனோம்.

“ஆடு எங்க சார்?” என்றார் பாஷா.

“அது படத்துக்குள்ள வரலீங்க.”

“முன்னால ஓடுறது இவரு சார். நம்ம வீட்ல குடியிருக்கிறவரு. இந்து.”

ஆபீஸ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தாடி இருக்கே?” என்றார். ஆனாலும் திருத்தம் போடுகிறேன் என்றார். மறுநாள் போட்டார்கள்: ‘மண்டி மொஹல்லாவில் பதற்றம் தணிந்தது.’

ஆகவே மாமா, பேப்பர்காரன் எழுதுவதை நம்பி என் குடும்பத்தைப் பிரித்து வைக்காதீர்கள். பாஷா வீட்டம்மா தொட்டில் மாட்டிவிட்டு, “கூசு எப்பப்பா வரும்?” என்று குழந்தையைப் பற்றித் தினமும் கேட்கிறார். பிறந்தபோது பார்த்த முகம், எனக்கே மறந்துவிடும் போலிருக்கிறது.

அத்தைக்கு என் வணக்கங்கள். மாதேஸ்வரன் அருளால் அனைவரும் நன்றாக இருக்க வேண்டும்.

தங்கள் மருமகன்,
சென்னப்பன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது இன்றைய பேப்பர் வந்தது. கோபிநத்தத்தில் வீட்டுக்கு வீடு காட்டுக் கொள்ளையர்களின் ஆட்கள்தானாம். இவ்வளவு பெரிய எழுத்தில் பொய்யா போடுவார்கள்? அக்கம்பக்கத்தில் யாரிடமும் மூச்சு விடாமல், எல்லோரும் முதல் பஸ்ஸிலேயே இங்கே வந்துவிடுங்கள்.